பணியாளர் வழி

சித்தேரி கிழக்குக் கரை,
செவ்வாய்க்கிழமை இரவு.

அன்புள்ள அபிநயா,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் சேர்த்து. தர்ஷிக்கு இரண்டு நாளாகச் சளி. பகல் முழுவதும் மடியை விட்டு இறங்கவில்லை. இப்போதுதான் மூக்கடைப்போடு தூங்கினாள். கரண்டு வேறு வந்து வந்து போகிறது.

நாங்கள் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிக்கலாம். நாலு நாளாகப் போன் செய்தால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் கேட்டால் இரண்டு கோடும் நீலமாகிறது, அதோடு சரி. நாளைக் காலையில் இதை ஸ்பீட் போஸ்டில் உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கைக்கு வந்துவிடும் என்கிறார்கள். திங்கட்கிழமை பேரூராட்சிக் கூட்டம். அது உனக்கும் தெரியும்.

போன புதன்கிழமை ஏரிக்கரையில் பெரிய பிளக்ஸ் கட்டினார்கள். சித்தேரிப் பூங்கா எப்படி மாறப் போகிறது என்று கலரில் உன் வரைபடம். கீழே உன் பெயர். காலனியே திரண்டு போய்ப் பார்த்தது. கரும்பு வெட்டப் போனவர்கள்கூடக் கத்தியைத் தோளில் வைத்துக்கொண்டே நின்றார்கள். பூமாலை அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் போட்ட கோடு அப்படியே இருக்குது பாருங்கடி. அரைக்கால் இஞ்சிகூட நவுரல. இனிமே என்ன யாரும் பேர் சொல்லிக் கூப்புடக் கூடாது, இஞ்சினியரம்மான்னுதான் கூப்புடணும்" என்று ஒரே ஆட்டம். எங்கள் தெருச் செவ்வந்தி அதன் முன்னால் நின்று செல்பி எடுத்தாள்.

உண்மைதான், கோடு நகரவில்லை. பொங்கல் கழித்து நீ வந்திருந்தாயே, அன்றைக்கு இவர்கள் தரையில் போட்ட கோடுகள் எல்லாம் அப்படியே இருந்தன. உனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? காகிதத்தைக் கொடுத்தால் இவர்கள் பேச மாட்டார்கள் என்று நான்தான் சொன்னேன். பண்டிகைக்கு வாங்கி மிச்சம் இருந்த கோலமாவை ஆளுக்கு ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தார்கள். ஊஞ்சல் எங்கே வேண்டும், லைட்டுக் கம்பம் எங்கே, கக்கூஸ் எங்கே என்று அவரவர் நடந்து பார்த்து மாவைப் போட்டார்கள். பூமாலை அக்கா நம் பக்கத்து கேட்டுக்கு இரண்டு கோடு இழுத்தது மட்டுமில்லாமல் அதற்கு முன்னால் ஒரு பெரிய கோலமும் போட்டுவிட்டார். எதற்கு அக்கா இது என்று நீ கேட்டாய். "வாசல்னா கோலம் இல்லாம எப்டி பாப்பா?" என்றார். நீ சிரித்துக்கொண்டே அந்தக் கோலத்தைத் தாண்டி உள்ளே போய், "நான்தான் மொதல்ல பூந்தேன்" என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். நீங்கள் போட்ட கோடுதான் பிளான், இதை நான் மாற்ற மாட்டேன் என்று அவரிடம் சொன்னாய்.

பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்தாய். அதைப் பற்றி ஒரு வாரம் பேசினார்கள். மேலத் தெருப் பெண் வந்து எங்கள் டம்ளரில் டீ குடித்துவிட்டுப் போவது இங்கே சாதாரணமில்லை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் தலை நிமிர்ந்து நடந்தேன். என் பிரண்டு என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

பிளக்ஸில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மேற்குப் பக்கம், வளைவு வைத்த பழைய கேட்டில், பொதுமக்கள் நுழைவாயில் என்று எழுதியிருந்தது. கிழக்குப் பக்கம், நம் கேட். அதே இடம், அதே அகலம். அதன் மேல் சின்ன எழுத்தில், பணியாளர் வழி.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிரிண்ட் போட்டவன் தப்பாகப் போட்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன். செவ்வந்தியிடம் காட்டினேன். அவள் பத்தாவது வரை படித்தவள், கடகடவென்று படித்தாள். படித்துவிட்டு, "கரெக்டாதானே போட்டுகினு இருக்காங்க? பணியாளர்னா வேல செய்றவங்க. நாமதானே உள்ள வேல செய்யப் போறோம், வேற யாரு?" என்றாள். அவள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை அபி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் தர்ஷியை இடுப்பில் வைத்துக்கொண்டு பேரூராட்சி ஆபீசுக்குப் போனேன். செயல் அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார். அந்தக் கேட்டின் சாவி வாட்ச்மேனிடம் இருக்குமாம். காலையில் கூட்டுகிற பெண்கள் வரும்போது திறந்து, அவர்கள் வேலை முடிந்து வெளியே வந்ததும் பூட்டிவிடுவார்களாம். மற்றவர்கள் மெயின் ரோடு வழியாகச் சுற்றி வளைவுக்கு வர வேண்டும். ஏன் சார், எல்லாரும் போக வரத்தானே கேட்டோம் என்றேன். "எனக்கு வந்த டிராயிங்ல அப்படிதாம்மா இருக்குது. கூட்டத்துக்கு முன்னால ஆர்க்கிடெக்ட் திருத்தி அனுப்பினா அதையே வெச்சிடறேன். பாஸான பெறவு என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

ஆக, அது பிரிண்ட் போட்டவன் செய்த தப்பு இல்லை.

இது கரும்பு சீசன். மெயின் ரோட்டில் இரண்டு டிரெய்லர் கட்டிக்கொண்டு டிராக்டர்கள் மில்லுக்குப் போகிற போக்கு உனக்குத் தெரியும். கரும்பு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு இருக்கும். ஓரத்தில் நடக்க இடமே இல்லை. போன மாதம் பூமாலை அக்காவின் பேரன் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்து கையை உடைத்துக்கொண்டான். வளைவுக்குப் போக வேண்டுமென்றால் தர்ஷியும் அந்த ரோட்டில்தான் நடக்க வேண்டும். போகாதே என்றால், வீட்டுக்குப் பின்னால் வண்டல் அள்ளிய குழியில்தான் போய் விளையாடும் இந்தப் பிள்ளைகள். மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தாலே தர்ஷியைத் தேடிக்கொண்டு ஓடுகிறேன். அந்தக் குழியில் எவ்வளவு ஆழம் என்று மழை பெய்த பிறகு யாருக்கும் தெரியாது. நான் பயந்தவள் என்று நீ கேலி செய்வாய். ஆமாம், பயந்தவள்தான். இந்தக் கேட்டை நான் கேட்டதே அந்தப் பயத்தால்தான். பூங்கா அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக இல்லை.

வெள்ளிக்கிழமை நீ ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய். "மதி, டென்ஷன் ஆவாத. கேட்டு இருக்குது இல்ல? மொதல்ல பிளான் பாஸ் ஆவட்டும், பேரெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். பெரியப்பா சைடுல கொஞ்சம்… உனக்கே தெரியும் இல்ல?"

அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். உனக்கே தெரியும் இல்ல என்கிறாயே, எனக்கு என்ன தெரியும் என்று நினைத்துச் சொன்னாய்?

உன் பெரியப்பா தீனதயாளன் ஐயா நடைப்பயிற்சிக் குழுவுக்குத் தலைவர் என்று தெரியும். "அந்தப் பக்கம் தொறந்து வுட்டா ஆடு மாடெல்லாம் உள்ள பூந்துடும்" என்று அவர் பேரூராட்சி ஆபீசில் சொன்னதும் தெரியும். அங்கே லைட் மாட்டிக்கொண்டிருந்த பையன் கேட்டுவிட்டு வந்து எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறான். எங்கள் காலனி முழுக்கச் சேர்த்தால் நாலு ஆடு தேறும். மாடெல்லாம் மேலத் தெருவில்தான் இருக்கிறது. அவர் எந்த ஆட்டையும் மாட்டையும் சொல்லவில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைத்தான் அந்த வாய்ஸ் மெசேஜில் அப்படி இழுத்து நிறுத்தினாயா?

இன்னொன்றையும் கவனித்தேன். கரையில் உட்கார்ந்து மலையைப் பார்க்க மேடை வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள் இல்லையா, மேகம் கட்டுவது முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று? அந்த மேடையைப் பளிங்குக் கல்லில் பெரிதாகப் போட்டிருக்கிறாய். மலைக்காட்சி மேடை என்று பெயரும் வைத்திருக்கிறாய். தண்ணீருக்கு அந்தப் பக்கம் மலை முழுதாகத் தெரிவது எங்கள் கரையில் இருந்துதான். அதனால் மேடை எங்கள் பக்கம். வழி மட்டும் உங்கள் பக்கம்.

வீட்டில் எனக்கு ஆதரவு இருக்கிறது என்று நினைக்காதே. உள்ளே கூட்டிப் பெருக்க ஆறு பெண்களை எடுக்கிறார்கள். எங்கள் அத்தை கொளஞ்சியம்மாள் பெயர் அதில் முதலில் இருக்கிறது. நான் ஆபீசுக்குப் போய் வந்தது தெரிந்ததும் அத்தை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். "இந்த இடுப்ப ஒடிச்சி கரும்பு வெட்னவ நானு. நெழல்ல நின்னு தொடப்பம் புடிக்கிற வேல இப்பதான் வந்துகினு இருக்குது. நீ படிச்சவ, ஒனக்கு எழுத்து கண்ணுல பட்டுது. எனக்கு சோறு கண்ணுல படுது. அத்த கெடுத்துப்புடாத மதி" என்றார். அன்று இரவு முழுவதும் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சொல்வதில் தப்பு இல்லை.

எங்கள் வீட்டுக்காரர் கவியரசனைப் பற்றி உனக்குத் தெரியும், சத்தம் போட மாட்டார். நான் சொன்னதைக் கேட்டு முடித்தார். பிறகு, "ஒரு டம்ளர் டீ குடிச்சா, ஊட்டுக்கு ஊடு அவ பேச்சா இருந்துது. கேள்வியே வராம வேலய முடிச்சிட்டா பாத்தியா? உன் கூட்டாளி கெட்டிக்காரிதான்" என்றார். அவர் சிரித்தபடிதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று அவரோடு சண்டை போட்டேன். அப்போதும் உனக்காகத்தான் பேசினேன், அபி.

இதெல்லாம் நடந்த பிறகும் கடிதம் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்று சாயங்காலம்தான் தோன்றியது.

தர்ஷியை டாக்டரிடம் காட்டச் சின்னசேலம் போய்விட்டுத் திரும்பி வந்து உங்கள் வீட்டு ஸ்டாப்பில் இறங்கினேன். உன் அம்மா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டு இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்கள். தர்ஷியின் கன்னத்தைக் கிள்ளி, உரித்து வைத்திருந்த ஆரஞ்சுச் சுளையைக் கொடுத்தார்கள். உனக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு இங்கேதான் செய்கிறோம் என்று முகமெல்லாம் சிரிப்பு. நீ எனக்குச் சொல்லவே இல்லையே என்று நினைத்தாலும் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. "நீ கண்டிப்பா வரணும் மதி. அபி ஒன்னத்தான் தேடுவா. காத்தாலயே வந்துடு, கூடமாட ஒத்தாசையா இருக்கும். தோட்டத்துப் பக்கமா வந்துடு, முன்னால பந்தல் போட்டு ஒரே கூட்டமா இருக்கும்" என்றார்கள்.

அன்பாகத்தான் சொன்னார்கள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. எப்போதும் சொல்வதைப் போலவே சொன்னார்கள்.

அந்த எப்போதும் என்ற சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி ஸ்டாப்புக்கே வந்து நின்று உங்கள் வீட்டைப் பார்த்தேன். ஸ்டாப்புக்கு நேர் எதிரே உங்கள் முன்கேட். ரோட்டைத் தாண்டினால் போதும். நாம் சின்னசேலத்தில் படித்தபோது, பரீட்சைக்குப் படிக்க நான் நைனார்பாளையத்தில் எங்கள் அம்மா வீட்டுக்குப் போகாமல் உன்னோடு இதே ஸ்டாப்பில்தான் இறங்குவேன். நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "இப்படிக்கா வாடி, தோட்டத்து வழிதான் கிட்ட" என்று கரும்புக் கொல்லை ஓரமாகச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போவாய். மாட்டுக் கொட்டகையைத் தாண்டிக் கிணற்றடியில் கால் கழுவி, பின்கட்டில் உட்கார்ந்து படிப்போம். பிளஸ் டூ முடிகிற வரைக்கும் அந்த வழிதான். கிட்ட என்று நீ சொன்னதை நான் நம்பினேன். இன்றைக்கு வரைக்கும் நம்பிக்கொண்டு இருந்தேன், அபி. கணக்கில் சென்டம் வாங்கியவள் நான். எதிரே இருக்கிற கேட் கிட்டவா, கொல்லையைச் சுற்றிப் போவது கிட்டவா என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

உன்னிடம் அதைக் கேட்க வேண்டும். அப்போது உனக்குத் தெரியுமா? உன் வீட்டில் சொல்லி அனுப்பிய பேச்சை நீயும் நம்பித்தான் சொன்னாயா, இல்லை தெரிந்தே, என் மனது நோகக் கூடாது என்று கிட்ட என்றாயா? பதினாலு வயதுப் பெண்ணிடம் நான் கோபப்பட மாட்டேன். தெரிந்து சொல்லியிருந்தாலும் அது ஒரு விதத்தில் பிரியம்தான் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் இப்போது நீ அந்த வயதுப் பெண் இல்லை. ஆர்க்கிடெக்ட். கம்ப்யூட்டரில் நம் கேட்டின் மேல் கர்சரை வைத்து, அந்த இரண்டு வார்த்தையை உன் கையால் டைப் செய்திருக்கிறாய். டைப் செய்யும்போது என் ஞாபகம் வந்ததா?

வராமல் இருந்திருந்தாலாவது பரவாயில்லை. வந்தது, வந்தும் டைப் செய்தாய் என்றால் எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பூமாலை அக்கா நேற்றுகூட வந்து, "ஒன் கூட்டாளி எப்ப வருது? கேட்டுக்குப் பச்ச பெயிண்டு அடிக்கச் சொல்லு, தண்ணிக்கு எடுப்பா இருக்கும்" என்று கேட்டுவிட்டுப் போனார். கேட் பூட்டியிருக்கும் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. வேலைக்கு எடுத்த ஆறு பேரில் அவர் பெயர் இல்லை. அவர் கோலம் போட்ட வாசலில் அவரே நுழைய முடியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டு ஆட்கள் இரண்டு பேரைத் தவிர இங்கே ஒருவருக்கும் தெரியாது. எதற்காகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன் என்று உனக்குப் புரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் வைத்திருக்க முடியாது. கூட்டத்துக்கு முன்னால் அவர்களுக்கு நான் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த இரண்டு வார்த்தையை யார் போட்டது என்று கேட்பார்கள். அதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பணியாளர் என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, கிழக்கு நுழைவாயில் என்று போட்டு, மேற்குக் கேட் திறந்திருக்கிற நேரமெல்லாம் இதுவும் திறந்திருக்கும் என்று ஒரு வரி சேர்த்து அனுப்பு. வேலைக்கு எடுத்தவர்களை யாரும் நிறுத்த வேண்டாம். எங்கள் அத்தை துடைப்பத்தோடு அந்த வழியாக வேலைக்குப் போகட்டும். அவர் பேத்தி அதே வழியாக விளையாடப் போகட்டும். வரைபடத்தில் இது உனக்கு ஐந்து நிமிட வேலை. உன் பெரியப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கஷ்டத்தைத்தான் உன்னிடம் கேட்கிறேன்.

தர்ஷி புரண்டு படுத்து இருமுகிறாள், தட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். நெற்றி சுடவில்லை. பிளக்ஸில் இருக்கிற ஊஞ்சலைப் பார்த்ததில் இருந்து, அந்தச் சிவப்பு ஊஞ்சல் எனக்கு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். எந்த வழியாகப் போவாய் என்று அவளிடம் யாரும் இன்னும் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ஏழாம் மாதத்துக்கு மேல் மாடிப்படி அதிகம் ஏறாதே, கால் வீங்கினால் உடனே டாக்டரிடம் காட்டு. எனக்கு அப்படித்தான் ஆரம்பித்தது, கவனிக்காமல் விட்டுவிட்டேன். உன் பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கோபத்தோடும் வேண்டிக்கொள்கிறேன், அதில் ஒரு பொய்யும் இல்லை. பாட்டி வீட்டுக்கு வரும்போது அதைச் சித்தேரிக்குத் தூக்கிக்கொண்டு வருவாய். அன்றைக்குக் கிழக்குப் பக்கம் பார்க்காமல் நீ திரும்பிப் போக வேண்டிய நிலை வரக் கூடாது.

மாற்றுகிறேன் என்றாலும் எழுது, முடியாது என்றாலும் எழுது. வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
எழில்மதி